வலப்பக்கம் உருளும் பையன்: சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை நீச்சல் வகுப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரி, தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் புழுக்கம் உச்சத்தில் இருக்கும் மாதம். ஒரு சனிக்கிழமை காலை ஒரு ஆயா தன் பேரனை மினிபஸ் டாக்சியிலிருந்து இறக்கி, குளத்தின் கேட் வரை நடத்திக் கூட்டிவந்தார். கேட்டைத் தாண்டி அவர் வரவில்லை. "நீங்க கூட்டிப் போங்க டீச்சர், நான் இங்கேயே நிக்கிறேன்" என்றார். வெயிலில் நாற்பது நிமிடம் அங்கேயே நின்றார். அன்று எனக்கு அது ஒரு பாட்டியின் கூச்சமாகத்தான் தெரிந்தது. இந்த ஆய்வில் பாதி அந்த கேட்டைப் பற்றியது என்பது புரியச் சில வாரம் ஆயிற்று.

நான் பிசியோதெரபிஸ்ட். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு டர்பனில். இங்கே, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், உடற்குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் சிலர் சேர்ந்து 2022 அக்டோபரில் தொடங்கிய நீச்சல் வகுப்பில் சனிக்கிழமைதோறும் உதவுகிறேன். ஏழு குழந்தைகள். ஒரு பள்ளியின் குளம், வாடகை கிடையாது. குளோரின் மட்டும் நாங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். உதவிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் (எல்லோருக்கும் அவர் 'அங்கிள்'), இரண்டு கல்லூரி மாணவிகள், ஜூலு பேசும் உயிர்காப்பாளர் ஒருவர். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டு.

பையன்

குறைமாதத்தில் பிறந்தவன். பெருமூளை வாதம், வலக்கையும் வலக்காலும் பாதிக்கப்பட்டவை. வலக்கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டிக்கொள்ளும், கட்டை விரல் உள்ளங்கைக்குள் போய்விடும். காலில் பிளாஸ்டிக் பட்டை போட்டு நடப்பான். வலிப்பு உண்டு, மருந்தில் கட்டுப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பேச்சு தெளிவு, கொஞ்சம் மெதுவு. வாயின் வலது ஓரம் சரியாக மூடாது, டீ குடித்தால் அந்தப் பக்கம் ஒழுகும். வீட்டில் எல்லோரும் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள். ஆயா அவனிடம் மட்டும் தமிழ் கலந்து பேசுவார்.

வலிப்பு உள்ள குழந்தையைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். இறக்கலாம். மருந்து தவறாமல் போக வேண்டும், டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவனைத் தவிர வேறெதையும் பார்க்காமல் இருக்க வேண்டும். எங்கள் வகுப்புத் தாளின் தலைப்பில் நான் சிவப்பு மையில் எழுதிவைத்த விதி இது. பின்னால் இதற்கு வருகிறேன்.

இன்னொன்றும் இருந்தது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனைப் புரட்டிப்போட்ட மழையில் இவர்கள் வீட்டின் கீழ்ப்பக்கம் தண்ணீர் புகுந்தது. இருட்டில் அப்பா இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியிருக்கிறார். அந்த வெள்ளத்தில் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே அலறுவான் என்று அவன் அம்மா படிவத்தில் எழுதியிருந்தார். நான் அதைப் படித்தேன், கோப்பில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

முதல் நாள் செய்த தப்பு

முதல் மூன்று வாரம் பையனுக்குக் கையில் மாட்டும் காற்றுப் பைகளைப் போட்டேன். எனக்கு அது தப்பென்று தெரியும், தெரிந்தேதான் போட்டேன். அன்றைக்கு ஆள் குறைவு, அவன் பயந்திருந்தான், ஆரஞ்சு நிறப் பையைப் பார்த்ததும் சிரித்தான். சரி, இரண்டு வாரம் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்கள். அதுவும் மிதவைதான். ஆனால் அது முதுகில் இருந்தது. கை கால் தாராளமாக அசையும், உடம்பு தண்ணீரில் படுத்திருக்கும். நீச்சல் வர வர ஒவ்வொரு குடுக்கையாகக் குறைப்பார்கள். கையில் மாட்டும் பை ஆளை நட்டமாக நிறுத்தி, தோளைக் காதுவரை தூக்கிவிடுகிறது. தலை பின்னால் சாய்ந்து கழுத்து விறைக்கும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குக் கழுத்து அப்படி விறைத்தால் மொத்த உடம்பும் சேர்ந்து விறைக்கும்.

மூன்றாவது வாரம் வலக்கைப் பை கழன்றது. அந்தக் கை இடக்கையைவிட மெலிது. பை ஈரத்தில் வழுக்கி முழங்கையைத் தாண்டி மிதந்து போய்விட்டது. இடக்கை மேலே நிற்க, வலப்பக்கம் அப்படியே கீழே உருண்டு முகம் தண்ணீருக்குள் போயிற்று. மூன்று நொடிகூட இருக்காது, தூக்கிவிட்டேன். ஆனால் அவன் மூச்சை உள்ளே இழுத்த நேரமாகப் போய்விட்டது. இருமினான், வாந்தி எடுத்தான், பிறகு சத்தமே இல்லை. அழாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிலிருந்து ஆயா எல்லாவற்றையும் பார்த்தார்.

வீட்டில் ராத்திரி முழுக்கக் கவனிக்கச் சொன்னேன். தண்ணீர் நுரையீரலுக்குப் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சு வாங்கலாம், அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்தபோது ஆயா சொன்னது ஒரே வார்த்தை: "போதும் டீச்சர்."

கஞ்சி

மன்னிப்புக் கேட்கத்தான் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் உட்காரச் சொன்னார். கஞ்சி காய்ச்சியிருந்தார், இங்கே ஆடியில் மாரியம்மனுக்குக் காய்ச்சுகிற புளித்த கஞ்சி மாதிரி, ஆனால் அவனுக்காகச் சர்க்கரை போட்டது. பையன் கிண்ணத்தை இழுத்தான். ஆயா திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஊது" என்றார்.

அவன் ஊதினான். உதட்டைக் குவித்து, நீளமாக, நிதானமாக. வலது ஓரம்கூட மூடியிருந்தது. கஞ்சியின் மேல் ஒரு குழி விழுந்து, அலை ஓடி, கிண்ணத்தின் ஓரத்தில் தட்டித் திரும்பி வந்தது. நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

மூன்று வாரமாக நான் அவனிடம் இங்கிலீஷில் 'ப்ளோ' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் 'ப்' என்று உதட்டை மூடி வெடிக்கிறது. அவனும் கன்னத்தை உப்பவைத்து, மூச்சை அடக்கி, 'ப்' என்று ஒரு வெடி விட்டு உடனே உள்ளே இழுப்பான். 'ஊது' என்ற சொல்லிலோ முதல் எழுத்தே வேலையைச் செய்துவிடுகிறது. ஊ என்று சொல்ல ஆரம்பித்தாலே உதடு குவிந்துவிடும், மூச்சு வெளியேதான் போகும். தண்ணீரில் வாயை வைத்துக்கொண்டு 'ஊஊஊ' என்று முனகினால் குமிழி வரும், தண்ணீர் உள்ளே வராது. தமிழ்க்காரியான எனக்கு இது ஒரு கஞ்சிக் கிண்ணத்தில்தான் தெரிய வேண்டியிருந்தது.

அன்று ஆயா தன்னைப் பற்றியும் பேசினார். அவர் பிறந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் நகரசபையில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்களின் குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். கடல் நடக்கிற தூரம். ராத்திரி அலைச்சத்தம் கேட்கும். 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் கடற்கரை, குளம், பூங்கா, பெஞ்சு எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரிக்க வழிசெய்தது. 1990-இல்தான் அதை நீக்கினார்கள். "எங்களுக்குன்னு ஒரு துண்டுக் கரை. அதுல கால் நனைச்சதோட சரி. நீச்சல் குளம்னா வேலிக்கு வெளியே இருந்து பாக்குறதுதான்" என்றார். 1960-களில் பாரக்ஸைக் காலிசெய்து அந்தக் குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். கடல் அத்தோடு போயிற்று. இவர் வீட்டில் மூன்று தலைமுறையாக யாருக்கும் நீந்தத் தெரியாது. அவர் எங்கள் கேட்டைத் தாண்டாததற்கு யாரும் தடை போட்டிருக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதுதான் அவர் அறிந்த குளம்.

இப்படிப்பட்ட ஆளிடம் பேரனை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று மூன்று வாரம் நான் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுப்பாடமாக ஒரு பேசினைக் கொடுத்தேன். தினமும் குளிக்கும் முன் பேசின் தண்ணீரில் வாயை வைத்து 'ஊ'. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது ஆயா. கூடவே ஒரு தாளும் கொடுத்தேன். வாரம் மூன்று கேள்வி: எத்தனை எண்ணும் வரை ஊதினான், தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் என்ன செய்தான், இந்த வாரம் தண்ணீரில் யாருக்குப் பயம். மூன்றாவது கேள்வியை அரை விளையாட்டாகத்தான் எழுதினேன். ஆயா சின்ன வயதில் மாலைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவர். எழுத்து நடுங்கும், புள்ளி வைக்கவே மாட்டார். முதல் வாரத் தாளில் மூன்றாவது கேள்விக்குப் பதில்: "எனககு."

உருளுதல்

மார்ச் கடைசியில் திரும்ப வந்தார்கள். ஆயா இந்த முறை குளத்தின் ஓரம் வரை வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பையை மறந்தோம். ஹாலிவிக் முறைப்படி ஆரம்பித்தோம். லண்டன் சவுத்கேட்டில் இருந்த ஹாலிவிக் பள்ளியில், உடற்குறைபாடுள்ள பெண்பிள்ளைகளுக்காக ஜேம்ஸ் மக்மில்லன் என்ற பொறியாளர் 1949 வாக்கில் உருவாக்கத் தொடங்கிய முறை இது. பத்துப் படிகள். மிதவை கிடையாது, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். கை வீசி நீந்துவது கடைசிப் படியில்தான் வரும். அதற்கு முன்னாலெல்லாம் மூச்சு, சமநிலை, உருண்டு திரும்புவது. மக்மில்லன் தண்ணீரின் இயக்கவியல் தெரிந்தவர் என்பதால் அவர் கேட்ட கேள்வியே வேறு. இந்தப் பிள்ளையால் எது முடியாது என்று கேட்காமல், இந்த உடம்பு தண்ணீரில் எப்படி மிதக்கும் என்று பார்த்தார்.

எங்கள் பையன் உடம்பு வலப்பக்கம் உருளும். எடை கீழே இழுக்கும் புள்ளியும் தண்ணீர் மேலே தள்ளும் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் எந்தப் பொருளும் உருளத்தான் செய்யும். இடக்கை விரிந்து பரவி நிற்கிறது, வலக்கை மடங்கி உடம்போடு சுருண்டிருக்கிறது. மல்லாக்கப் படுக்கவைத்துக் கையை எடுத்தால் மெதுவாக வலது தோள் இறங்கும், பிறகு காது, பிறகு வாய். இது அவன் பிழையில்லை, படகு சாய்வது போலத்தான். இதற்கு மருந்து கழுத்தில் இருக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் உடம்பும் வரும். வலது தோள் இறங்க ஆரம்பித்த நொடியில் தலையை இடப்பக்கம் திருப்பினால் நிமிர்ந்துவிடலாம்.

சொல்வது எளிது. பயந்த பிள்ளை எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் பார்க்கும். 'இடப்பக்கம்' என்று நான் கத்தினால் காதில் தண்ணீர் இருக்கும்போது என்ன கேட்கும்? அங்கிள் ஒரு யோசனை சொன்னார். ஆயாவின் நாற்காலியைக் குளத்தின் இடது ஓரத்துக்கு நகர்த்தினோம். அவர் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு ஸ்பூன். நான் பையனின் முதுகுக்குக் கீழே இரண்டு உள்ளங்கையும் விரித்து வைத்துக்கொண்டு நிற்பேன். பிடிப்பதில்லை, தாங்குவது மட்டும். வலது தோள் இறங்கும்போது தலையசைப்பேன். ஆயா 'டிங்' என்று தட்டுவார். அவன் ஆயாவைப் பார்க்கத் திரும்புவான். உடம்பு நிமிரும்.

முதல் நாள் பதினோரு தடவை செய்தோம். நாலு தடவை திரும்பினான். இரண்டு தடவை தண்ணீர் குடித்தான், ஆனால் இந்த முறை 'ஊ' என்று ஊதிவிட்டுத்தான் இருமினான். மே மாத நடுவில் ஆயா என் தலையசைப்புக்குக் காத்திருக்கவில்லை. என்னைவிட அவருக்குத்தான் அந்தத் தோள் இறங்கப்போவது முன்கூட்டித் தெரிந்தது. எட்டு வருடம் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டியவர். நான் வெறும் கை.

நடுவில் கரண்டு. 2023 தென் ஆப்பிரிக்காவின் மோசமான லோட் ஷெட்டிங் வருடம். வகுப்பு நேரத்தில் கரண்டு போனால் பரவாயில்லை, வெளிச்சம் தேவையில்லை. முந்தின இரவு போனால்தான் தொந்தரவு. பம்ப் ஓடாது, வடிகட்டல் நின்றுவிடும், காலையில் தண்ணீர் பச்சையடிக்கும். அடி தெரியாத தண்ணீரில் யாரையும் இறக்குவதில்லை என்பது உயிர்காப்பாளரின் விதி. தரையில் ஒரு கறுப்புத் தட்டு போட்டிருப்பார், மேலிருந்து அது தெரியாவிட்டால் அன்று வகுப்பு இல்லை. நாலு சனிக்கிழமை அப்படிப் போயிற்று.

மே கடைசியில் தண்ணீர் 20 டிகிரிக்கு வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கு அது வெறும் குளிர். இவனுக்கு நடுங்க ஆரம்பித்தால் வலக்கை பூட்டிக்கொள்ளும், கால் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகும். சிகிச்சைக் குளங்களை 33 டிகிரி பக்கத்தில் வைப்பது சும்மா இல்லை. எங்களுக்கு ஹீட்டர் கிடையாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நிறுத்தினோம். பேசின் மட்டும் தொடர்ந்தது.

மற்ற பிள்ளைகள், சுருக்கமாக

ஒரு பெண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம். அவளுக்கு நீச்சலில் பிரச்சினையே இல்லை, மீன் மாதிரி. ஆனால் அந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்ந்திருக்கும் என்பதால் டாக்டர் பார்த்துச் சரி சொல்லும்வரை தலைகீழாகக் குதிக்க விடவில்லை. அவளுக்கு என்மேல் இன்னும் கோபம்.

ஆட்டிசம் உள்ள இன்னொரு பையனுக்குத் தண்ணீரென்றால் உயிர். அதுதான் அங்கே ஆபத்து. இப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டிலிருந்து சத்தமில்லாமல் கிளம்பித் தண்ணீரைத் தேடிப் போய்விடுவது உலகம் முழுக்க நடக்கிறது. அவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம்: பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை ஓரத்தில் உட்காருவது, விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிப்பது.

பெற்றோர் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் நடாலி டு டாய்ட்டைச் சொல்வார்கள். 2001-இல் விபத்தில் இடக்காலை இழந்து, 2008 பெய்ஜிங்கில் ஒலிம்பிக் 10 கிலோமீட்டர் திறந்தநீர்ப் போட்டியில் 16-ஆவதாக வந்த கேப்டவுன் வீராங்கனை. பெருமையான விஷயம்தான். ஆனால் அவர் விபத்துக்கு முன்பே நாட்டுக்காக நீந்தியவர். எங்கள் பிள்ளைகளிடம் அவரைக் காட்டும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். குளியலறையில் அலறாமல் தலைக்குக் குளிப்பதும் ஒரு சாதனை என்று அதே கூட்டத்தில் யாரும் கைதட்டமாட்டார்கள்.

செப்டம்பருக்குப் பிறகு

குளிர்கால இடைவெளியில் என்ன மறந்தான்? ஊதுவது மறக்கவில்லை. பேசினில் இருபது வரை வந்திருந்தான். உருண்டு திரும்புவதை முழுக்க மறந்திருந்தான், ஐந்து வாரம் மறுபடி டம்ளர் தட்ட வேண்டியிருந்தது. அக்டோபரில் நான் அவனைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்க, எனக்கு முன்னால் உண்டாகும் சுழலில் அவன் மல்லாக்க இழுபட்டு வருவான், யாரும் தொடாமல். நவம்பர் கடைசியில் இடக்கையை மட்டும் துடுப்பாகப் போட்டு எட்டு மீட்டர் போனான். நேராக இல்லை, வளைந்து. ஒரு கையால் துடுப்புப் போட்டால் படகும் வளையும். தலையைச் சரிசெய்து பாதையை நேராக்க இன்னும் ஒரு வருடமாவது ஆகும்.

நடக்காததையும் எழுத வேண்டும். வலக்கை திறக்கவில்லை. நடை மாறவில்லை. தண்ணீரிலிருந்து வெளியே வந்த அரை மணி நேரம் தசை தளர்வாக இருக்கும், பிறகு பழையபடிதான். நீச்சல் இந்தப் பிள்ளைகளைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. பையனின் அம்மாவும் அதைக் கேட்டார், "கை சரியாகுமா?" என்று. இல்லை என்றேன். அவர் முகம் வாடியது, ஆனால் அடுத்த வாரமும் அனுப்பினார். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் என்ன செய்தான் என்ற இரண்டாவது கேள்விக்கு ஆகஸ்டிலிருந்தே ஆயா ஒரு கோடு மட்டும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். எழுத ஒன்றும் இல்லையாம்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை, அந்த வருடத்தின் கடைசி வகுப்பு. மாணவிகளில் ஒருத்தி வரவில்லை. ஏழு பிள்ளை, ஆறு பெரியவர்கூட இல்லை. வகுப்பை ரத்து செய்திருக்க வேண்டும். கடைசி நாளாயிற்றே என்று செய்யவில்லை. ஆட்டிசம் பையன் கூப்பிடும் முன்னே குதித்துவிட்டான். அவனைப் பிடிக்க நான் திரும்பினேன். சிவப்பு மையில் நானே எழுதிய விதியை மீறி, பத்து நொடியோ பதினைந்து நொடியோ.

திரும்பிப் பார்த்தால் இவன் கயிற்றைத் தாண்டி ஆழப்பக்கம் போயிருந்தான், குப்புற. குதித்ததில் எழுந்த அலை புரட்டியிருக்க வேண்டும். நான் நீந்தினேனா நடந்தேனா தெரியாது, வாய் நிறையத் தண்ணீர். நான் போய்ச் சேரும் முன் அவன் தலை இடப்பக்கம் திரும்பியது, தோள் வந்தது, முகம் மேலே வந்தது. 'ஊஊஊ' என்று ஊதிக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கிடந்தான். ஓரத்தில் ஆயா நாற்காலியை விட்டு எழவே இல்லை. டம்ளர் மடியில் இருந்தது. தட்டவும் இல்லை.

அன்று மாலை போனில் அந்த வாரத் தாளின் படம் வந்தது. ஊதியது: 24. தலைக்குத் தண்ணீர்: ஒரு கோடு. தண்ணீரில் யாருக்குப் பயம்:

"டீசசருககு."